பக்கத்து வீட்டில் 16 வயதுப் பெண்ணுக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம். 1098-க்குச் சொன்னால் எந்தத் துறை வந்து நிறுத்தும்?

எந்தத் துறை என்று கேட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு துறை மட்டும் வராது. நாலைந்து பேர் வருவார்கள். வந்து நிறுத்தியும் விடுவார்கள். அதற்கப்புறம் என்ன என்பதுதான் கேள்வி.

நீங்கள் அந்தப் பெண்ணுக்குச் சொந்தமில்லை, உங்கள் பெயர் வெளியே வந்தால் தெருவில் குடியிருக்க முடியாது என்று பயப்படுகிறீர்கள் என நினைக்கிறேன். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், அதில் பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். அந்தக் கவலையை விடுங்கள்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இது நடந்தது 2018 ஆவணியில். என் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வயது 15. அப்பா அம்மா இல்லை, பாட்டியிடம் வளர்ந்தவள். மறுநாள் காலை ஏழரைக்குள் முகூர்த்தம் என்று சனிக்கிழமை சாயங்காலம் அவள் தோழி வந்து அழுதாள். 1098-க்குக் கூப்பிட்டேன். எட்டு மணிக்குள் கிராம நிர்வாக அலுவலர், சமூக நலத்துறையிலிருந்து ஊர்நல அலுவலர் அம்மா, மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ., அப்போது 1098-ஐ நடத்திய சைல்டுலைன் அமைப்பின் பையன் ஒருவர் என எல்லோரும் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். உடனே இரண்டு சண்டை வந்தது. முதலாவது, மண்டபம் பக்கத்துத் தாலுக்காவில் இருக்கிறது, அது எந்த ஸ்டேஷன் எல்லை என்பது. இரண்டாவது, வயதுக்கு ஆதாரம் என்ன என்பது.

தாய்மாமன் ஆதார் அட்டையைக் காட்டினார். அதில் பதினெட்டு முடிந்திருந்தது! சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பள்ளிச் சான்றுதான் முதலில், அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதாரே கிடையாது. ஆனால் பள்ளிச் சான்று கொடுக்க சேர்க்கைப் பதிவேடு வேண்டும். அது ஆபீஸ் ரூம் பீரோவில். பீரோ சாவி கிளார்க்கிடம். கிளார்க் மாமியார் ஊரில். அவர் டிவிஎஸ் 50-ஐ உதைத்துக்கொண்டு வந்து சேரும்போது மணி பத்தரை. கரன்ட் வேறு இல்லை. செல்போன் வெளிச்சத்தில் பக்கம் புரட்டினோம். பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் நீல மையில் எழுதியிருந்தது. எழுத்தில் எழுதியதை மட்டும் திருத்த முடியாதல்லவா, தாய்மாமன் அதற்கப்புறம் பேசவில்லை.

கல்யாணம் நின்றது. 'பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம்' என்று மாமனிடம் உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கினார்கள். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆறு வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வருவது நின்றது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். நானும் நம்பி வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' போட்டுக்கொண்டே போனேன். பத்தாவது நாள் பாட்டியே நடந்து பள்ளிக்கு வந்தார். "டீச்சரம்மா, புள்ளைய வேற மாவட்டத்துக்குக் கூட்டிப்போயி முடிச்சுட்டானுங்க" என்றார்.

ஊர்நல அலுவலர் தொடர்ந்து பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலை என்று நினைத்திருந்தார். அலகில், பெண் பள்ளிக்குப் போகிறாளே, பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார்கள். பள்ளி என்றால் நான்தான். நான் போலீஸ் பார்க்கும் என்று இருந்தேன். அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் பெரிய மதிப்பில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்கலாம். அந்த ஆணையை மீறிச் செய்த கல்யாணம் செல்லவே செல்லாது. ஆணை இல்லாமல் நடந்துவிட்டால், பொதுவாக அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அன்று ராத்திரி அங்கே நின்ற ஐந்தாறு பேரில் ஒருவர் வாயிலிருந்தும் 'தடையாணை' என்ற சொல் வரவில்லை.

அவளை மீட்டு 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தினார்கள், இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கே வைத்துப் பாதுகாப்பது என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். வழக்கு விவரம் எதுவும் எழுத மாட்டேன், அவள் யார் என்று தெரியக்கூடாது. என்னைப் பார்த்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "அன்னைக்கு வந்தீங்களே டீச்சர், அப்புறம் ஏன் வரல?" குழு உத்தரவுப்படி இல்லத்தில் தங்கிப் பத்தாவது எழுதினாள். நானூறுக்குச் சற்றுக் குறைவு.

பாட்டி கதை தனி. காட்டிக் கொடுத்ததற்காக மகன், அதாவது அந்தத் தாய்மாமன், வீட்டை விட்டுத் துரத்தினான். வீடு பாட்டியுடையதுதான், இரண்டு வருடம் முன்பு மகனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு போட்டோம். கவனிக்காத பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தை 23ஆவது பிரிவில் ரத்து செய்யலாம்தான், ஆனால் 'என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதியிருக்க வேண்டும் என்பார்கள். பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லை. மாதம் 3,000 ரூபாய் ஜீவனாம்சம் ஆணையானது. இரண்டு மாதம் வந்தது.

எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். பேத்தியின் கோப்பு ஒரு கட்டடத்தில், பாட்டியின் கோப்பு இன்னொன்றில். கெடுத்தவன் ஒரே ஆள், வீடும் ஒன்றே. அங்கே இருந்தவர்களுக்கு இங்கே ஒரு மனு இருப்பதே தெரியாது. கிழவியின் வீடு போனால் பெண் திரும்பிப் போக இடமில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அந்த அதிகாரிகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அந்த எஸ்.ஐ. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்.

'வாத்தியாருக்கு எதற்கு ஊர் வேலை' என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்ட விவகாரம் காதுக்கு வந்தும் சொல்லாமல் இருந்தால் எங்களுக்கே தண்டனை உண்டு ஐயா. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தோம் என்பவர்கள், சிக்னல் இல்லாத ஊரில் செல்போனைத் தலைக்கு மேல் பிடித்து பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் ஆப்பில் வருகை பதிந்து பார்க்கட்டும். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, சைக்கிள் கொடுத்த கணக்கு, சானிடரி நாப்கின் கணக்கு. ஒரு பிள்ளை பத்து நாள் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கத்தான் நேரமில்லை. சரி, இது என் புலம்பல்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது 1098 அரசு நேரடியாக நடத்துவது, 2023-இல் மாறியது, அவசர உதவி எண் 112-உடன் இணைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் மண்டபம் எந்த ஊர், மாப்பிள்ளை எந்த ஊர் என்று இரண்டையும் சொல்லுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவருக்கும் தனியாகச் சொல்லுங்கள், தடையாணை கேட்கச் சொல்லுங்கள். வெறும் கடிதம் வாங்கிவிட்டுப் போனால் பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாயிற்றா என்று மறுநாளே கேளுங்கள். அந்த வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 14567 என்று மூத்த குடிமக்களுக்கான உதவி எண் இருக்கிறது, குறித்து வையுங்கள்.

கல்யாணம் ஞாயிறு என்கிறீர்கள். சனிக்கிழமை வரை வைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விடுவதற்குள் ஹெச்.எம்.மைப் பார்த்து, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.