கண்ணீர் அஞ்சலிக்கு நான்கு வரி

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் பல ஆண்டுகளாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளக்ஸ், காரியப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வோம். வாழ்த்துமடலுக்கும் அஞ்சலிக்கும் நானே நான்கு வரி எழுதித் தருவேன். அதற்காகவே தேடி வந்தவர்கள் உண்டு. இப்போது எல்லோரும் கைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள்.

போன வாரம் ஒருவர் தன் அம்மாவின் காரியத்துக்கு அப்படி ஒரு கவிதை கொண்டுவந்தார். ‘தியாகச் சுடரே, அன்பின் இமயமே’ என்று போகிறது. பிரிண்ட் வரும்வரை பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மாங்காயின் காம்பை முகர்ந்தே அது எந்த மரத்துக் காய் என்று சொல்லிவிடுவாராம். இதையும் சேர்க்கலாமே என்றேன். “அதெல்லாம் எதற்கு, இதுவே நன்றாக இருக்கிறது” என்றுவிட்டார்.

முகநூலில் என் கவிதைக்குப் பத்து லைக் தேறுவதில்லை. இயந்திரத்திடம் எழுதி வாங்கிப் போடும் நண்பருக்கு நூற்றுக்கணக்கில் விழுகிறது. இனி என் போன்றவர்கள் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த அம்மாள் காம்பை முகர்ந்த வரியில் நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் எனக்கு வாரம் ஒருமுறையாவது யாராவது எழுதுவதுதான்.

முதலில் கொஞ்சம் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். ‘தியாகச் சுடர்’ இயந்திரம் கண்டுபிடித்த சொல்லா? நம் ஊர்ச் சுவர்களில் எத்தனை காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது! உங்கள் கணினியில் ‘அஞ்சலி 1’, ‘அஞ்சலி 2’ என்று ஃபைல் இல்லை என்று சொல்லுங்கள், நம்புகிறேன். படத்தையும் பெயரையும் தோற்றம், மறைவு தேதிகளையும் மாற்றினால் அடுத்த அஞ்சலி தயார். இயந்திரம் போடுவதும் அதே கணக்குத்தான். மலைமலையாக எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்து அடுக்குகிறது. ‘அம்மா’ வந்தால் ‘தியாகம்’ வரும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வருவதற்கு வெகு முன்பே இதை நாம் கையால் செய்துகொண்டிருந்தோம். சட்டியில் இருந்ததுதான் அகப்பையில் வந்திருக்கிறது.

இன்னொன்று. ஃபிளக்ஸ் வந்தபோது போர்டு எழுதுகிற ஓவியர்கள் பலர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேறு வேலை தேடிப் போனார்கள். உங்கள் கடையும் என் புத்தக அட்டைகளும் அந்தப் பக்கத்தில் இருந்தவைதான். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அன்று போனது கையின் வேலை, இன்று சொல்லிலேயே கை வைத்திருக்கிறார்கள் என்பதால் உங்களுக்கு வலிக்கிறது. நியாயமான வலிதான்.

இரங்கல் எழுதுவது நம் பகுதிக்குப் பழைய தொழில். (ஔவை, அதியமான் என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்பட வேண்டாம்.) தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த வட்டாரத்து எழுத்துள்ள நடுகற்களில் பலவற்றுக்கு ஒரே அச்சுதான்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் ஆநிரை கவர்ந்தபோது, இன்னாருடைய ஆள் இன்னான் பட்டான், அவன் கல். அந்தக் காலத்து ‘அஞ்சலி 1’.

நமக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு கல் கிடைத்தது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்திருக்கிறான். வாசகம் வழக்கம்போல் ‘பட்டான் கல்’ என்று முடிகிறது. முடிந்த பிறகு இன்னொரு வரி வருகிறது: கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. வீரனுக்குப் பக்கத்தில் அந்த நாயையும் செதுக்கியிருக்கிறார்கள்.

அதை எழுதாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உளிக்காரருக்கு வேலை மிச்சம். வீட்டாரோ ஊராரோ, யாரோ ஒருவர் விடாப்பிடியாக நின்று, நாய்க்கும் ஒரு பெயர் உண்டு, அதையும் வெட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள்தான் எழுத்தாளர் என்பேன். எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தாரா என்பதுகூட முக்கியமில்லை.

மாங்காய்க் காம்பைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் இயந்திரமும் அழகாக எழுதிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதிவிடும். ஆனால் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும், அது சொல்லத் தக்கது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். பெற்ற மகனுக்கே தோன்றவில்லையே! என்னை உறுத்துவது அதுதான். பளபளப்பான நான்கு வரி கைக்கு வந்ததும் தன் அம்மா அவருக்கே சின்னவளாகிவிட்டார். கடையில் உட்கார்ந்திருந்த உங்களுக்குத் தோன்றியது.

லைக் விவகாரத்தை நீட்ட வேண்டாம். முகநூலில் அந்தப் பொத்தான் வந்தது 2009-இல். எந்த வரிக்கு அதிகம் விழுந்தது என்று பார்த்து, அடுத்த முறை அதே மாதிரி எழுதத் தொடங்கினால் நீங்களும் வாய்ப்புக் கணக்குப் போடுகிறீர்கள் என்று பொருள். அந்தக் கணக்கில் இயந்திரத்தை ஜெயிக்க முடியாது.

பிழைப்பைப் பற்றி. 2023-இல் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒப்பந்தம் வாங்கினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கிருஷ்ணகிரி டிடிபி கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். அஞ்சலிக்கு வருகிறவரிடம் கவிதையை வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இறந்தவர் கடைசியாக யாரைத் திட்டினார்? அவர் வைத்த குழம்பில் எது தூக்கலாக இருக்கும்? பாதிப் பேர் உங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ‘அன்பின் இமயமே’ போதும் என்பார்கள். போட்டுக் கொடுங்கள், வியாபாரம்தானே. யாராவது ஒருவர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் டைப்பிங்கை நிறுத்திவிட்டுக் கேட்டு எழுதுங்கள். அதற்குத் தனிக் கூலியும் வாங்குங்கள். டிசைன் கட்டணத்தில் சேர்த்துவிடாதீர்கள், பில்லில் தனி வரியாகவே போடுங்கள்.