ஜாமீன் போட்டது எந்தக் கடனுக்கு? அதை முதலில் பாருங்கள்

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. மாதச் சம்பளம் 61,000 ரூபாய். உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் 2019-இல் எங்கள் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் 4 லட்சம் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். குடும்பத்தோடு பழகியவர். 2022-இல் கடனைப் புதுப்பித்து 7 லட்சமாக வாங்கியிருக்கிறார். பிறகு மருத்துவ விடுப்பில் போனவர் திரும்பவே இல்லை. நான்கு மாதமாக என் சம்பளத்தில் 9,500 ரூபாய் பிடிக்கிறார்கள். அவருக்குச் சொந்த வீடு இருக்கும்போது என்னைப் பிடிப்பது என்ன நியாயம்? ஒப்புதல் கடிதம் ஒன்று கொடுத்தால் தவணையைக் குறைப்பதாகச் செயலாளர் சொல்கிறார். பிடித்தத்தை நிறுத்த வழக்குப் போடலாமா?

பதில்: அவர் ஏமாற்றியது, வீடு இருந்தும் சங்கம் அவரைத் தொடாதது, இதெல்லாம் உங்களுக்கு வலிக்கும், வழக்கில் உதவாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூல் செய்யுங்கள் என்று சங்கத்துக்கு நீங்கள் நிபந்தனை போட முடியாது. பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடக்கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவின் அந்த வரம்பு நீதிமன்றப் பற்றுகைக்கு, அதாவது நீதிமன்ற ஆணைப்படி சம்பளத்தைப் பிடிப்பதற்கு உரியது; நீங்களே பிடித்தத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் காட்டித் தப்புவது கடினம். பொருந்தினாலும் பயனில்லை. 61,000-இல் முதல் 1,000 போக, மீதியில் மூன்றில் ஒரு பங்கு 20,000. உங்களிடம் பிடிப்பது 9,500.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி கணக்கில் வருவது ஒரே வரி: 2022-இல் கடன் புதுப்பிக்கப்பட்டது. நாணயச் சங்கங்களில் புதுப்பித்தல் என்றால் பெரும்பாலும் பழைய கடனின் பாக்கியைப் புதிய கடன் தொகையிலிருந்து கழித்து, பழைய கணக்கை முடித்துவிட்டு, புதிய எண்ணில் கணக்குத் தொடங்குவார்கள். அப்படி நடந்திருந்தால் நீங்கள் ஜாமீன் போட்ட கடன் 2022-இலேயே தீர்ந்துவிட்டது. பழைய கணக்கை முடிக்காமல் தொகையையும் தவணையையும் மட்டும் உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்றியிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 133-ஆம் பிரிவைக் காட்டி, மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு நான் பொறுப்பில்லை என்று வாதாடலாம்.

இந்த வாதம் நிற்குமா என்பது இரண்டு காகிதங்களில் இருக்கிறது. ஒன்று, 2019 ஜாமீன் பத்திரம். பின்னால் புதுப்பிக்கப்படும் கடன்களுக்கும் பொறுப்பேற்கிறேன் என்றோ, ஒப்பந்தச் சட்டத்தின் பாதுகாப்புகளை விட்டுக்கொடுக்கிறேன் என்றோ அச்சிட்ட வாசகம் அதில் இருந்தால் வாதம் வெகுவாகப் பலவீனமாகும். மற்றது, 2022 கடன் மனு. அதில் ஜாமீன் இடத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டின் நகலையும் கடன் கணக்கு நகலையும் உறுப்பினர் என்ற முறையில் பதிவுத் தபாலில் கேளுங்கள். சங்கம் தராவிட்டால், அதற்கே தகவல் உரிமை மனு அனுப்பிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் நேரடியாக வராது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகம் வரும். மனுவை அங்கே கொடுங்கள்.

நகல் கைக்கு வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாமீன்தாரர்கள் வழக்கைத் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கையில் நல்ல வாதம் இருக்கும். வீட்டுச் செலவு நெருக்கும். 'குடும்பச் சூழ்நிலை கருதிப் பிடித்தத்தை ஐயாயிரமாகக் குறைக்க வேண்டுகிறேன்' என்று தலைமை ஆசிரியர் வழியாக ஒரு விண்ணப்பம் போகும். எழுதியவருக்கு அது கருணை மனு. துணைப் பதிவாளர் முன் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90-ஆம் பிரிவின் கீழ் விசாரணை வரும்போது அது கடனை ஒப்புக்கொண்ட ஆவணம். 2022 கடனுக்கு நீங்கள் அன்று தராத சம்மதத்தை இன்று தந்தது போலாகும். செயலாளர் கேட்கும் ஒப்புதல் கடிதமும் அதே வேலையைத்தான் செய்யும். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார் என்று சொல்லவில்லை. தணிக்கையில் அவருடைய கோப்பு சரியாக இருக்க அவருக்கு அந்தக் காகிதம் தேவை.

இதைவிட மோசமானது, பாக்கியை உங்கள் பெயரில் புதிய கடனாக மாற்றிக்கொள்ளச் சொல்வது. வட்டி குறையும், தவணை நீளும் என்பார்கள். கையெழுத்திட்ட நொடியில் நீங்களே கடனாளி. ஜாமீன்தாரர் என்ற முறையில் உங்களுக்கு இருக்கும் எல்லாத் தற்காப்பும் போய்விடும்.

எழுத வேண்டுமென்றால் இவ்வளவு எழுதுங்கள்: '2022 கடனுக்கு நான் ஜாமீன் அளிக்கவில்லை, பிடித்தம் என் ஆட்சேபணைக்கு உட்பட்டே நடக்கிறது, ஆவண நகல் வேண்டும்.' ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒன்று சம்பளப் பட்டியல் போடும் அலுவலருக்கு.

உரிமையியல் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 156-ஆம் பிரிவு அந்த வாசலை அடைக்கிறது. சங்கத்துக்கு எதிரான ரிட் மனுவும் சாதாரணமாக நிற்காது. மாரப்பன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் சொன்னது அதுதான். உங்கள் வாதத்துக்கு இடம் துணைப் பதிவாளர். நோட்டீஸ் வந்தால் ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வந்துவிட்டால் அதை அசைப்பது பெரும்பாடு.

2022 மனுவில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா? ஆசிரியர் அறையில் நிரப்பாத படிவத்தில் போட்டதாக இருந்தாலும் சரி, சண்டையை விடுங்கள். சமரசமாகப் போய்க் கணக்கை முடிப்பதே லாபம். பணி மாறுதலில் பிடித்தம் சில மாதம் விட்டுப்போனால் மகிழாதீர்கள், தவணை கடந்த வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிக்கும் முன் கடன் வாங்கிய ஆசிரியருடைய பங்குத் தொகையையும் சிக்கன சேமிப்பையும் கடனில் வரவு வைத்தார்களா என்று பாருங்கள். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தால், அந்த அளவுக்கு உங்கள் பொறுப்பு குறைகிறது என்று ஒப்பந்தச் சட்டம் 141-ஆம் பிரிவைக் காட்டிக் கேளுங்கள். இரண்டாவது ஜாமீன்தாரர் இருந்தால் பாதி அவருடையது.

கட்டிய பணத்தை அந்த ஆசிரியரிடம் திரும்பப் பெறும் உரிமை 145-ஆம் பிரிவில் இருக்கிறது. இங்கேயும் ஒரு குழி. எல்லாம் பிடித்து முடியட்டும், மொத்தமாகக் கேட்கலாம் என்று காத்திருப்பார்கள். வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் கெடு ஒவ்வொரு பிடித்தத்துக்கும் அந்தந்தத் தேதியிலிருந்தே ஓடும். ஐந்தாண்டு பொறுத்துவிட்டுப் போனால் முதல் இரண்டாண்டுப் பணம் காலாவதி. எனவே அரசு ஊழியர்களுக்கான 'களஞ்சியம்' செயலியிலிருந்து மாதந்தோறும் சம்பளச் சீட்டை இறக்கி வையுங்கள், சங்கத்தின் வரவு ரசீதையும் சேர்த்து. அவருக்கு இப்போதே வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். கெடு முடிவதற்குள் அவர் தொகையைக் குறிப்பிட்டுக் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத் தந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். தராவிட்டால், முதல் பிடித்தத்துக்கு மூன்றாண்டு நிறைவதற்குள் வழக்கு தாக்கலாகியிருக்க வேண்டும்.