ஆப் அப்புறம் பார்க்கலாம், முதலில் இருபது பிள்ளைகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆன்லைன் படிப்பைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கணிதத்தில் எம்.எஸ்சி., பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பாடங்களையும் தமிழில் சொல்லித்தரும் ஆன்லைன் நிறுவனம் தொடங்க ஆசை. ஆப் செய்துதர நான்கு லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டலாமா? - ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் சகோதரி. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் காலம்காலமாகக் கேலி பேசுவார்கள். 1981ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்ததும் அந்தப் பட்டியலில் ஒன்று குறைந்தது. நீங்கள் போய் மாணவர் இல்லாத ஆப் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, பட்டவன் நான். 2020 ஊரடங்கில் சத்துவாச்சாரியில் நடத்திக்கொண்டிருந்த டியூஷனை மூட வேண்டியதாயிற்று. சரி, ஆன்லைனில் போடுவோம் என்று பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் முக்கால் மணிநேர வீடியோக்களாக, மொத்தம் அறுபது, ஃபேன் சத்தம் பதிவாகிவிடும் என்று அதையும் அணைத்துவிட்டு மே மாத வேலூர் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து எடுத்து முடித்தேன். முதல் மூன்றைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பத்தாவதைப் பார்த்தது இரண்டே பேர், அதில் ஒருவன் என் அக்கா மகன். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014ல் ஒரு ஆய்வு வந்திருந்தது, வீடியோ எத்தனை நீளமாக இருந்தாலும் பாதிப் பார்வைகள் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று. அதை முன்னாலேயே படித்திருந்தால் கொஞ்சம் வேர்வையாவது மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு தப்பு நேரத்தில். பள்ளிகள் திறந்தபின், இரண்டாவது முயற்சியாக, லைவ் வகுப்பை மாலை ஐந்து மணிக்கு வைத்தேன், பள்ளி விட்டு வரும் நேரம் அதுதானே என்று. வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அது அப்பாவோடு பைக்கில் வேலைக்குப் போயிருக்கிறது, அல்லது அம்மாவோடு ஷூ கம்பெனிக்கு. அவர்கள் வந்து, சாப்பிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, அது பிள்ளை கைக்கு வரும்போது எட்டரை ஆகிவிடும். வகுப்பை எட்டே முக்காலுக்கு மாற்றிய வாரமே ஆள் கூடியது. நான்கு லட்சத்துக்கு ஆப் செய்துதருபவர் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார், அவர் வேலை அது இல்லை.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருவோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாப் பாடமும் என்றால் அது பெரிய முதலைகள் நீந்தும் குளம். இலவசமாக யூடியூபிலும், அரசின் கல்வித் தொலைக்காட்சியிலும் (2019லிருந்து இருக்கிறது) பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பாடத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது. பிள்ளையை உட்கார வைத்து, கணக்கைப் போடச் சொல்லி, தப்பைத் திருத்தி, நாளைக்கும் வரவைக்க ஆள் இல்லை. காசு கொடுத்தால் பெற்றோர் அதற்குத்தான் கொடுப்பார்கள்.

ஆகவே ஒரே ஒரு வகுப்பு, ஒரே ஒரு தேர்வு என்று எடுங்கள். உதாரணத்துக்கு எட்டாம் வகுப்புக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம், வருடத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடங்களுக்கு 90 கேள்வி. கணக்கு டீச்சரான உங்களுக்கு மனத்திறன் பகுதி கைவந்த கலை, பெரும்பாலான பள்ளிகளில் அதை யாரும் தனியாக நடத்துவதும் இல்லை. பீடி சுற்றும், தறி ஓட்டும் வீடுகள் உங்கள் ஊரில் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த வீடுகளுக்கு 48,000 என்பது என்னவென்றும் உங்களுக்கே தெரியும்.

தெரிந்த பள்ளிகளில் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசி இருபது பிள்ளைகள் சேருங்கள். வாட்ஸ்அப் குரூப் ஒன்று, கூகுள் மீட், ஒரு வெள்ளைப் பலகை, இருபது ரூபாய்க்கு எழுதும் நோட்டு ஒன்று, போதும். வாரம் மூன்று வகுப்பு, முக்கால் மணிநேரம், அதில் நீங்கள் பேசுவது பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, மீதி நேரம் அவர்கள் கணக்குப் போட்டுப் படம் பிடித்து அனுப்பட்டும். இரண்டு வகுப்புக்குத் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போடுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் இரண்டாவது முயற்சி பிழைத்தது இந்தப் போன் ஒன்றால்தான்.

கட்டணம் மாதம் 300 என்று வைத்தால் இருபது பேருக்கு 6,000. இதை நம்பி வேலையை விடமுடியாது, விடவும் வேண்டாம். நூறு பேர் வந்தால் 30,000, ஆனால் அப்போது போன் போடவே ஒரு ஆள் தேவைப்படும், அவருக்குச் சம்பளம் போக என்ன நிற்கிறது என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, தாண்டினால் இந்த மாதிரிப் பயிற்சிக்கு 18 சதவீதம். இரண்டு பேட்ச் முடிந்து, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை நின்று, அடுத்த வருடம் அவர்கள் தம்பி தங்கைகளும் வந்தால் அப்போது ஆப் செய்யலாம். அந்தக் கட்டத்தில் புது நிறுவனங்களுக்குத் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் நிதி இருக்கிறது, வி.ஐ.டி.யில் புதுத் தொழிலைக் கைபிடித்து வளர்க்கும் தொழில் காப்பகமும் இருக்கிறது. கையில் ஆள்கணக்கோடு போனால் அங்கே பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: பைஜூஸ் விழுந்துவிட்டது, இனி இந்தத் துறையே அவ்வளவுதான் என்கிறார் என் மாமா. உண்மையா? - கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி. 2022ல் 2,200 கோடி டாலர் மதிப்பு போடப்பட்ட ஆன்லைன் பாட நிறுவனம் அது, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. நடுவில் நடந்ததைப் பாருங்கள், ஊரடங்கில் கூட்டம் கூடியதும் இது இப்படியே இருக்கும் என்று நம்பி 2020ல் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தரும் ஒயிட்ஹாட் ஜூனியர், 2021ல் நுழைவுத்தேர்வுப் பயிற்சி தரும் ஆகாஷ் என்று வேறு நிறுவனங்களை வரிசையாக வாங்கினார்கள், 120 கோடி டாலர் கடனும் எடுத்தார்கள், பள்ளிகள் திறந்ததும் கூட்டம் கலைந்தது. கடன் கலையவில்லை. அதே காலத்தில் யூடியூபில் இலவசமாகப் பாடம் எடுத்துத் தொடங்கிய பிசிக்ஸ்வாலா, கட்டணத்தைக் குறைவாக வைத்து, ஊர் ஊராக நேரடி மையங்களும் திறந்து, 2025ல் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. தமிழில் நிரலாக்கம் சொல்லித்தந்து வளர்ந்த குவி என்ற நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2022ல் எச்.சி.எல். வாங்கியது. இப்போதைய போக்கு பாதி ஆன்லைன், பாதி நேரடி. அதாவது நம் தெருமுனை டியூஷன் சென்டருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் சேர்ந்தால் என்ன வருமோ அது.

கேள்வி: வீட்டுக்கே வந்து பேசி, மகளுக்கு இரண்டு வருட ஆன்லைன் கோர்ஸ் தள்ளிவிட்டார்கள். மாதத் தவணையில் 40,000. இரண்டே மாதத்தில் அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். தவணையை நிறுத்தலாமா? - ஒரு தந்தை, ராணிப்பேட்டை

பதில்: அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள் ஐயா. தவணை பெரும்பாலும் கோர்ஸ் நிறுவனத்துக்குப் போவதில்லை, நடுவில் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்திருக்கும், நிறுத்தினால் உங்கள் சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெடும். கையெழுத்துப் போட்ட தாளைத் தேடி எடுங்கள். கோர்ஸ் வேண்டாம், மீதிப் பணம் வேண்டும் என்று இரண்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் தந்த வழிகாட்டுதலில், நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித்தர வேண்டும் என்று இருக்கிறது, கடிதத்தில் அதையும் எழுதுங்கள். அப்புறம், மகளைத் திட்டாதீர்கள், பாவம். என் அறுபது வீடியோவை யாரும் பார்க்காத கதையை மேலே படித்தீர்களே.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே பாடம் நடத்தும்போது டீச்சர் எதற்கு? - ஒரு வாசகர், வாணியம்பாடி

பதில்: கேள்வித்தாள் தயாரிக்க நானும் அதைத்தான் பிடிக்கிறேன், ஒரு மணிநேர வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. ஆனால் மீப்பெரு பொதுக் காரணி என்று ஒரு கேள்வியிலும் மீப்பெரு பொது வகுத்தி என்று அடுத்ததிலும் எழுதிவைக்கும், இரண்டும் ஒன்று என்று தெரியாத பிள்ளை புதுக் கணக்கு என்று நினைத்து விட்டுவிட்டு வந்துவிடும். அதைப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும். சம்பளம் குறைவாக இருந்தாலும் அவர் டீச்சர்தான்.

கேள்வி: தினமும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போகிறேன். அந்த நேரத்தில் காசில்லாமல் ஏதாவது படிக்கலாமா? - ஒரு பயணி

பதில்: தாராளமாக. 2003ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் தொடங்கிய என்.பி.டெல். என்ற ஆன்லைன் பாடத்தளம் இருக்கிறது. சேருவதும் படிப்பதும் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரக் கோர்ஸ்கள், வாராவாரம் அசைன்மென்ட். முதலில் நான்கு வாரக் கோர்ஸ் ஒன்றை எடுங்கள். வீடியோவை முந்தின நாள் இரவே வீட்டில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், ஓடும் ரயிலில் சிக்னலை நம்ப முடியாது. சீட்டு கிடைத்தால் நோட்டு எடுத்து எழுதலாம். நின்றுகொண்டே போகிறீர்கள் என்றால் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, அசைன்மென்ட்டை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.