ஸ்டாண்ட்பை பயணம்: கேள்வி உங்களுடையது, பதில் எங்களுடையது

விமான நிறுவன ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கிடைக்கும் ஸ்டாண்ட்பை சலுகை (இருக்கை மிஞ்சினால் மட்டும் ஏறும், கட்டணமில்லாத அல்லது சலுகைக் கட்டணப் பயணம்) பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு வாரம் முன்பே, முதல் ஆளாக ஸ்டாண்ட்பையில் பெயர் கொடுத்தேன். விமானம் ஏறும் கேட்டில் திரையைப் பார்த்தால் 9-வது இடம்! யாராவது வேண்டுமென்றே இறக்கிவிட்டார்களா?

பதில்: இல்லை. முந்திப் பெயர் கொடுத்தால் முந்தி இடம் என்பது இங்கே கிடையாது. ஒவ்வொரு பெயரோடும் ஒரு முன்னுரிமைக் குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். அதை வைத்துக் கணினிதான் வரிசை போடுகிறது.

வேறு ஊரில் அடுத்த விமானத்தை இயக்குவதற்காக இதில் பயணிகளாகப் போகும் 'டெட்ஹெட்' விமானிகளுக்கும் பணிக்குழுவினருக்கும் இருக்கை உறுதி. அவர்கள் உங்களோடு போட்டியிலேயே இல்லை. அடுத்து, இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்கள், அதே நாளில் நேரம் மாற்றக் கேட்டவர்கள் என்று முழுப் பணம் கட்டிய பயணிகள். அவர்களுக்குப் பிறகே ஊழியர் வரிசை: பணியில் இருப்பவரும் அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகளும்; அடுத்து பெற்றோரும் ஓய்வுபெற்றவர்களும்; பிறகு நண்பர்களுக்குக் கொடுக்கும் 'பட்டி பாஸ்'காரர்கள். கடைசியில் பெரும்பாலும் பிற நிறுவன ஊழியர்கள். நடுப்படிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாறும். ஓய்வுபெற்றவரைப் பணியில் இருப்பவருக்குச் சமமாக வைக்கும் நிறுவனங்களும் உண்டு.

ஒரே குறியீட்டில் பத்துப் பேர் இருந்தால்? இங்கே இரண்டு வழக்கங்கள். டெல்டா, யுனைடெட் போன்ற நிறுவனங்களில் பணிமூப்பு பேசும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் யார் முதலில் செக்-இன் செய்தார் என்பது பேசும். அதற்கான கதவு புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு திறக்கும். உங்கள் நிறுவனம் எந்த வழி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செக்-இன் நேரம்தான் கணக்கு என்றால் அலாரம் வைத்து எழுந்திருப்பதில் அர்த்தம் உண்டு. பணிமூப்புதான் கணக்கு என்றால் ஆறு மாத ஊழியர் எத்தனை மணிக்கு எழுந்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: எனக்கு முன்னால் 5 பேர், காலி இருக்கை 12. ஆனாலும் என்னை ஏற்றவில்லை. விமானம் காலி இருக்கைகளோடு பறந்துபோனது. இது என்ன நியாயம்?

பதில்: இருக்கை இருந்தது, எடைக்கு இடமில்லை. ஸ்டாண்ட்பையில் போகிறவர்களை அதிகம் கசக்க வைப்பது இதுதான்.

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் தூக்கக்கூடிய எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கையின் தூக்குவிசையும் இன்ஜினின் உந்துவிசையும் சேர்ந்து குறையும். ஓடுபாதை குட்டையாகவோ உயரமான இடத்திலோ இருந்தால் வரம்பு இன்னும் இறங்கும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் கூடுதல் எரிபொருள். போய்ச் சேரும் இடத்தில் வானிலை மோசமென்றால், மாற்று விமான நிலையத்துக்குப் பறக்கும் அளவு எரிபொருள் அதற்கும் மேல். எரிபொருள் ஏற ஏற, ஆட்களுக்கும் சரக்குக்கும் உள்ள பங்கு சுருங்கும்.

ஐரோப்பிய விதிகளில் ஒரு வயதுவந்த பயணிக்குக் கைப்பையோடு சேர்த்து 84 கிலோ, கண்டம் விட்டுக் கண்டம் போகும் பெட்டி ஒன்றுக்கு 15 கிலோ என்று சராசரிக் கணக்கு. அதாவது தலைக்கு 99 கிலோ. எடை வரம்பு 1,000 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 10 பேர் வெளியே. பணம் கட்டியவரை முடிந்தவரை இறக்க மாட்டார்கள்; முன்கூட்டி விற்ற சரக்கையும் பல நேரம் தொட மாட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

கோடையின் பிற்பகல் விமானத்தையும், எதிர்க்காற்றில் மேற்கு நோக்கிப் போகும் நெடுந்தூர விமானத்தையும் காலி இருக்கையை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். 'எடைக் கட்டுப்பாடு இருக்கிறதா?' என்று பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: 'லோடு', அதாவது விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை எப்படிப் பார்ப்பது? இருக்கை வரைபடத்தில் பாதி காலியாகத்தான் தெரிகிறது.

பதில்: இருக்கை வரைபடம் லோடு அல்ல. டிக்கெட் வாங்கிவிட்டு இருக்கை எண் தேர்ந்தெடுக்காதவர்கள் அதில் தெரிய மாட்டார்கள். விற்பனைத் திரையில் வரும் '9'-ஐயும் நம்பாதீர்கள். ஒரு கட்டண வகுப்புக்கு அந்தத் திரை காட்டும் உச்ச எண்ணே பொதுவாக 9-தான். அது விற்பனைக்கான எண். இருக்கைக்கு மேல் விற்கும் நிறுவனத்தில் அந்த 9-க்குப் பின்னால் 9 காலி இருக்கை இருக்க வேண்டும் என்பதில்லை.

உங்களுக்கு வேண்டியவை ஐந்து எண்கள்: மொத்த இருக்கை, முன்பதிவு, டெட்ஹெட், பணம் கட்டிய காத்திருப்போர், உங்களுக்கு முன்னால் உள்ள ஊழியர். 180 இருக்கை, 168 முன்பதிவு, அதில் சேராத டெட்ஹெட் 4, காத்திருக்கும் பயணிகள் 3 என்றால் மிச்சம் 5. ஊழியர் வரிசையில் நீங்கள் 8-வது ஆள் என்றால், டிக்கெட் எடுத்தவர்களில் 3 பேர் வராமல் இருக்க வேண்டும்.

அதிகாலை முதல் விமானத்தில் அது நடக்க வாய்ப்பு கூடுதல்: தூங்கிப்போனவர்கள் வர மாட்டார்கள், முந்தைய விமானத்தைத் தவறவிட்ட கூட்டமும் இன்னும் சேர்ந்திருக்காது. நாள் ஏற ஏற அந்தக் கூட்டம் பெருகும். ஒரு விமானம் ரத்தானால் அதன் பயணிகளை அடுத்தடுத்த விமானங்களில் நிரப்புவார்கள். காலையில் பார்த்த லோடு மதியம் செல்லாது. ஊழியர் சலுகையே செல்லாத 'எம்பார்கோ' நாட்களையும் பயணத் தேதி முடிவு செய்யும் முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஐடி 90, ஆர் 2, ஸெட்... ஊழியர் டிக்கெட்டின் இந்தச் சங்கேத மொழியைக் கொஞ்சம் உடைத்துச் சொல்லுங்களேன்.

பதில்: ஐடி 90 என்றால் முழுக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி, ஐடி 50 என்றால் பாதி. ஆர் 1 உறுதியான இருக்கை, ஆர் 2 ஸ்டாண்ட்பை. கட்டணமில்லா டிக்கெட்டில் அதே பொருளில் என் 1, என் 2. ஸெட் என்பது பிற நிறுவன ஊழியர்களுக்கான கட்டணம். அந்த வழித்தடத்தின் சந்தை விலையைப் பார்க்காமல் தூரத்தை மண்டலங்களாகப் பிரித்துக் கணக்கிடுவது. இரு நிறுவனங்களின் ஒப்பந்தத்தைப் பொறுத்துக் குறைந்த, நடுத்தர, உயர் என்று மூன்று படிகள். வரிகள் தனி. சில பயணங்களில் டிக்கெட்டைவிட வரி பெரிதாக இருக்கும். பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

பலர் வழுக்கும் இடம் வேறு. டிக்கெட் வாங்குவது ஒரு வேலை, குறிப்பிட்ட விமானத்தில் பெயர் பதிவது இன்னொரு வேலை. டிக்கெட் கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் கேட்டில் உங்களை யாருக்கும் தெரியாது. மைஐடிடிராவல் போன்ற ஊழியர் டிக்கெட் தளங்களில் இரண்டையும் ஒரே இடத்தில் முடிக்கலாம். ஆனால் விமானத்தை மாற்றினால் மறுபடி பதிய வேண்டும். பயன்படுத்தாத ஸெட் டிக்கெட்டுக்குப் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் கெடுவுக்குள் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு நான்கு பேர். 3 இருக்கைதான் மிஞ்சியது என்று எங்களை விட்டுவிட்டுப் பின்னால் இருந்தவர்களை ஏற்றினார்கள். சரியா?

பதில்: நான்கு பேரும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்திருப்பீர்கள். மொத்தமாக ஏற்ற முடியாத குழுவைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போவது வழக்கம். பிரிந்து போகச் சம்மதம் என்றால் முன்கூட்டியே கேட்டில் சொல்லுங்கள், அல்லது இரண்டிரண்டு பேராகத் தனித்தனி எண்ணில் பதியுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பெரியவர். பாஸ்போர்ட், மருந்து, பணம், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துவிட்டுப் பிரிந்தால் பாதிக் குடும்பம் தவிக்கும். பிரிய மனமில்லையா? 4 இருக்கை தாராளமாக மிஞ்சும் விமானத்தைத் தேடுவது ஒன்றே வழி.

கேள்வி: பெரிய பெட்டியைச் செக்-இன் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் கைப்பையோடு மட்டும் நின்றால் வேறு விமானத்துக்கு, ஏன் வேறு நிறுவனத்துக்கே, ஐந்து நிமிடத்தில் மாறிவிடலாம். பெட்டி உள்ளே போய்விட்டால் அது திரும்பி வரும்வரை நீங்களும் நகர முடியாது.

கேள்வி: நடுவழியில் இடம் கிடைக்காமல் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். ஓட்டல், நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: முடியாது. ஐரோப்பியப் பயணி உரிமைச் சட்டமான 261/2004-இன் 3-வது பிரிவே, பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்தில் போகிறவர்களை விலக்கி வைத்திருக்கிறது. ஓட்டல் செலவையும், கடைசி நிமிட முழுக் கட்டண டிக்கெட் ஒன்றுக்கான பணத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டே கிளம்புங்கள்.

அதைவிட முக்கியம் விசா. விமானம் மாறும் ஊரில் நிலையத்தைவிட்டு வெளியே வர விசா தேவையென்றால், ஸ்டாண்ட்பையில் அந்த ஊர் வழியாகப் போகாதீர்கள். இரவு முழுக்க நாற்காலியில் உட்கார வேண்டிவரும். விசா முடியும் கடைசி நாளில் திரும்பும் பயணத்தை வைப்பதும் அப்படித்தான். குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: பட்டி பாஸை விற்கலாமா?

பதில்: விற்றவர்களின் சலுகை போயிருக்கிறது. வேலையும் போயிருக்கிறது.

கேள்வி: போர்டிங் பாஸ் வாங்கி, இருக்கையில் உட்கார்ந்த பிறகும் இறக்கிவிடுவார்களா?

பதில்: கதவு மூடும்வரை இறக்கலாம். கடைசி நிமிடத்தில் ஓடிவரும் பயணி, திடீரென்று சேர்க்கப்பட்ட பணிக்குழு, எடைக் கணக்கில் வந்த திருத்தம் என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கும். பெயர் சொன்னதும் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே வாதாடியது புகாராகப் போனால் அடுத்த ஆறு மாதச் சலுகைக்கே ஆபத்து. கேட்டுக்கு வந்ததும், அடுத்த விமானத்தின் பட்டியலுக்கு உங்கள் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அப்புறம் காபி குடிக்கப் போங்கள். கைப்பையை எப்போதும் உங்கள் தலைக்கு நேர் மேலே வையுங்கள். ஏழு வரிசை பின்னால் வைத்திருந்தால், ஏறிவரும் கூட்டத்துக்கு எதிராக அதை எடுத்துவருவது தனிப் பாடு.