வீட்டில் செய்த கலர் அடுக்கு சோப்பு ஏன் அடுக்கடுக்காகப் பிரிந்து வருகிறது?

பெரும்பாலும் கீழ் அடுக்கு முழுக்க ஆறிய பிறகு அடுத்ததை ஊற்றுவதால்தான். உருக்கி ஊற்றும் சோப் பேஸ் (கடையில் கிடைக்கும் தயார் சோப்புக் கட்டி) என்றால், முதல் அடுக்கின் மேல் பாலாடை மாதிரி ஏடு படிந்து, உள்ளே இன்னும் சூடு இருக்கும்போதே, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை (ரப்பிங் ஆல்கஹால்) லேசாக ஸ்பிரே செய்துவிட்டு (அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும்) அடுத்த நிறத்தை ஊற்றுங்கள். ஊற்றும் சோப்பின் சூடு 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் போதும், அதிகமானால் கீழ் அடுக்கு உருகி நிறங்கள் கலங்கிவிடும். நிறத்துக்கு மைக்கா பவுடர் (மினுமினுக்கும் கனிமத் தூள்)தான் நல்லது, கேக் கலர் பக்கத்து அடுக்குக்குக் கசியும்.

அப்புறம், நம் நாகர்கோவில் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டே, சோப் பேஸில் உள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து சோப்பு முத்து முத்தாக வேர்க்கும். அச்சிலிருந்து எடுத்த அன்றே பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.