முதலில் கேபிள் சுற்றட்டும்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த பெண்ணை பி.காம். சேர்க்க நீங்கள் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்க, அவளோ நாடகத்துக்கு லைட்டிங் செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள். "சீரியல் பல்பு கட்டுகிறவர்களோடு என் பெண் ஏணி ஏறணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தான் வேண்டும். ஆனால் ஏணி ஏறுவது மட்டும் இந்த வேலை இல்லை.

போன மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் ஒரு நாட்டிய நாடகத்துக்கு முன்னால், மதியம் இரண்டு மணிக்கே அரங்குக்குள் போய் உட்கார்ந்தேன். ஒரு பையன் ஏணியில். ஒளியமைப்பாளரான பெண், மாலையில் நாட்டியக்காரர் எந்த இடத்தில் நிற்பாரோ அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். கையை முகத்துக்கு நேரே பிடித்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தார். "கொஞ்சம் கீழே... போதும், டைட் பண்ணு." தலைக்கு நேர் மேலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கண்குழி இருண்டுவிடும், அபிநயம் போச்சு. அதனால் முன்னாலிருந்து சாய்வாக ஒன்று, அடவில் காலும் இடுப்பும் தெரியப் பக்கவாட்டில் இரண்டு. இப்படியே நாலு மணி நேரம். மாலையில் விளக்குகளை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்து, ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசி அடி விழும் நொடியில் பட்டனை அழுத்தினார். தாளம் தெரியாதவரால் அது முடியாது. உங்கள் மகள் பத்து வருஷம் பரதம் கற்றதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அவள் கையில் இருக்கும் பெரிய முதல்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது நடிகர் ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' நாடகம் பார்த்திருந்தால் கேளுங்கள், தந்திரக் காட்சிகளைத்தான் முதலில் சொல்வார்கள். கொல்கத்தாவில் 1959-இல் உத்பல் தத் போட்ட 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறும். அந்த வெள்ளத்தை வெளிச்சத்தாலேயே காட்டிய ஒளியமைப்பாளர் தாபஸ் சென்னின் பெயரைத்தான் இந்தத் துறையில் இன்றும் முதலில் சொல்கிறார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.காமை எதிர்த்து அவள் சண்டை போட வேண்டியதில்லை, நீங்களும் அதற்காக அவள் ஆசையைத் தடுக்க வேண்டியதில்லை. டில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், கூடவே ஆறு நாடகங்களிலாவது பங்கெடுத்த அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையிலும் பட்டத்துக்குப் பிறகுதான் நாடகத்தில் முதுகலை. பிளஸ் டூ முடித்தவுடன் நேராக நாடகம்தான் படிப்பேன் என்றால், திருச்சூரில் 1977-இல் தொடங்கிய, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. விதிகள் மாறும், அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நாடகக் குழு உள்ள ஒரு கல்லூரியில் பி.காமே சேரட்டும். இந்தத் தொழிலில் கொட்டேஷன் போடவும் ஜிஎஸ்டி பில் எழுதவும் தெரியாமல் ஏமாந்தவர்கள் அதிகம்.

கட்டணம் கட்டுவதில்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனைப் பெருந்தொகை கேட்ட ஒரு தனியார் பயிற்சிக்கு நானே அனுப்பினேன். கம்ப்யூட்டரில் மேடையை அழகழகாக வரைந்து கற்றுக்கொண்டு வந்தான். முதல் நாள் வேலையில் த்ரீ பேஸ் லைனில் எது நியூட்ரல் என்று தெரியாமல் முழித்தான். அவன் அப்பாவின் முகத்தை நான் இன்னும் நேராகப் பார்ப்பதில்லை.

அடிப்படை மின்சாரக் கணக்கு கஷ்டமே இல்லை. 'பார் கேன்' என்ற விளக்கில் 1000 வாட் பல்பு போட்டால், 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்ப் பிளக்கில் மூன்று மாட்டலாம், நாலாவதை மாட்டினால் அளவு தாண்டிவிடும், டிரிப் ஆனால் மேடை இருட்டு. எல்இடி வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்து, சேனல் கணக்கு கூடிவிட்டது. கன்சோலிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் ஒரு டிஎம்எக்ஸ் லைனில் 512 சேனல்தான். தானே திரும்பும் விளக்கான ஒரு மூவிங் ஹெட் 16 சேனல் எடுத்துக்கொண்டால் 32 விளக்கோடு லைன் நிரம்பிவிடும். பெரிய கச்சேரிகளில் ஓடும் கிராண்ட்எம்ஏ கன்சோலின் கணினி வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது, வீட்டிலேயே பழகலாம்.

வருமானம்? தமிழ்நாட்டில் நாடகத்துக்கு மட்டும் ஒளியமைத்து வாடகை கட்ட முடியாது. நாட்டியம், கச்சேரி, கம்பெனி விழா, டிவி ரியாலிட்டி ஷோ இவற்றில்தான் காசு, நாடகம் மனசுக்கு. ஷோவுக்கு இவ்வளவு என்று பேச்சு. மார்கழியில் தூங்க நேரமிருக்காது, ஆடியில் கல்யாண ஆர்டரும் இருக்காது. பாக்கி வர மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. முதல் மூன்று நாலு வருஷம் வீட்டிலிருந்து ஏதாவது போய்க்கொண்டுதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி வேலையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஷோ பத்து மணிக்கு முடிந்தாலும் விளக்கை இறக்கி லாரியில் ஏற்ற நள்ளிரவு தாண்டும். வேலைக்கு விடும் முன் வேலை கொடுக்கிறவர்களிடம் நேராகக் கேளுங்கள்: திரும்பி வர வண்டி யார் ஏற்பாடு? பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? ஏணியை யார் பிடிப்பார்? ஒவ்வொரு விளக்குக்கும் சேஃப்டி செயின் போடுகிறார்களா? "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். ஒழுங்காகப் பதில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் தங்கை வீடு மயிலாப்பூரில் இருப்பதாகச் சொன்னீர்கள். முதல் செமஸ்டர் முடிந்து டிசம்பரில் விடுமுறை வருமே, அப்போது அங்கே தங்கி, விளக்கு வாடகைக்கு விடும் ஏதாவது ஒரு நிறுவனத்தில் உதவியாளாக வேலை பார்க்கட்டும். கேபிள் சுற்றுவது, விளக்கைத் துடைப்பது, டீ வாங்கி வருவது, இதுதான் கிடைக்கும். தினமும் என்ன செய்தாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். பொங்கல் முடிந்ததும் அந்த நோட்டோடு இரண்டு பேரும் வாருங்கள், மேற்படிப்பை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

புறப்படும் முன் ஒரு ஜோடி தோல் கையுறை வாங்கிக் கொடுங்கள். சற்று முன் அணைத்த பார் கேனை வெறும் கையால் தொட்டால் கொப்புளம்தான்.