வாய்ப்பாடு சொன்ன எதிரி: வாசகர் கேள்விகள்

இடிந்துபோன பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த பையை எடுக்கப் போகிறாள் ஓர் எட்டு வயதுச் சிறுமி. அங்கே கால் உடைந்து கிடக்கிறது எதிரிப் படையின் ரோபோ வீரன். இந்த இதழில் நான் எழுதிவரும் தொடரின் கதை இதுதான். ஆறு அத்தியாயம் முடிவதற்குள் கடிதங்கள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்காவது இந்த முறை பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அந்த ரோபோ சிறுமியைச் சுடாமல் விட்டது ஏன்? மனம் இளகிவிட்டதா?

இளகவில்லை. முதலில் நானும் அப்படித்தான் எழுதினேன். சிறுமி அழுவாள், ரோபோவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் திரளும். அண்ணன் மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஏழு வயது. “அத்தை, அதுக்குக் கண்ணுல ஏது தண்ணி? துருப் பிடிச்சிடாதா?” என்றாள். நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் போர்க்கருவிகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோதுதான் வழி கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். வருவது நம்மவர்தானா என்று ரேடியோ அலையில் ஒரு கேள்வி போகும். நம் விமானமாக இருந்தால் அதிலுள்ள கருவி சரியான பதிலைத் திருப்பி அனுப்பும். அதன் வளர்ந்த வடிவங்கள் இன்றும் ராணுவங்களில் இருக்கின்றன. ‘நண்பனா, பகைவனா’ என்று பெயர். ஆனால் அதனால் நண்பனை மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பதில் வராவிட்டால் பகைவன் என்று அர்த்தமில்லை. எதிரே வருகிறவருடைய கருவி பழுதாகியிருக்கலாம், போருக்குச் சம்பந்தமே இல்லாதவராகவும் இருக்கலாம். ‘யாரென்று தெரியவில்லை’ என்பதோடு அதன் வேலை முடிந்தது. சுட வேண்டிய பகைவன் என்று முடிவு கட்டுவது ஒரு மனிதர், அல்லது அந்த மனிதர் முன்கூட்டியே எழுதிவைத்த விதி.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ரோபோவும் சிறுமியைப் பார்த்துக் கேள்வி அனுப்புகிறது. பதில் இல்லை. மேலிடத்தைக் கேட்கலாம் என்றால் ஆண்டெனா உடைந்துகிடக்கிறது. ஆக, அவள் ‘தெரியாதவள்’. தெரியாதவர் வந்தால் கட்டளை வரும்வரை காத்திரு என்பது அதற்குப் போட்ட விதி. காத்திருக்கிறது. அவளோ பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பயம் தெரியாமல் இருக்க ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறாள். “ஏழெட்டு ஐம்பத்து நாலு.” இருட்டிலிருந்து “ஐம்பத்தாறு” என்று குரல் வருகிறது. தூரம், வேகம், காற்று என்று எந்நேரமும் கணக்கிலேயே கிடக்கிற இயந்திரம் அது. தப்பான எண்ணைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அதனால் ஆகாது. அவ்வளவுதான், இதில் அன்பெல்லாம் ஒன்றும் இல்லை. அன்பு அவள் பக்கத்திலிருந்து வந்தது. மறுநாளும் வந்தாளே, எட்டாம் வாய்ப்பாட்டோடு!

கேள்வி: ‘இயந்திர மனிதன்’ என்று நல்ல தமிழ் இருக்க, ‘ரோபோ’ எதற்கு?

என் ரோபோவுக்கு நாலு கால். மனிதன் என்று எழுதக் கை வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920-இல் ஒரு நாடகத்துக்காகக் கையாண்ட சொல் இது. எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். ‘ரோபோட்டா’ என்றால் அவர்கள் மொழியில், நிலக்கிழாருக்குக் குடியானவர்கள் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. பிறர் ஏவியதற்காகப் போர்க்களத்தில் நிற்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: சிறுமிக்கு ஏன் பெயரே இல்லை?

ரோபோ இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள்.

கேள்வி: ஆயுதத்தை நண்பனாகக் காட்டினால், படிக்கிற குழந்தைகள் நிஜ ஆயுதத்தையும் போய்த் தொட மாட்டார்களா?

இந்தக் கடிதம் என்னை ஒரு வாரம் தொந்தரவு செய்தது. உங்கள் பயம் நியாயம்தான். சண்டை ஓய்ந்த பிறகும் வெடிக்காமல் கிடக்கும் கொத்துக்குண்டுகளை விளையாட்டுச் சாமான் என்று கையில் எடுத்து உயிரையும் கையையும் இழந்த குழந்தைகள் நிஜத்தில் இருக்கிறார்கள். முதல் இரண்டு அத்தியாயங்களில் அவளைச் சுவருக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தேன். மூன்றாவதில் அவள் துப்பாக்கிக் குழலைத் தொட்டுப் பார்க்கிறாள். அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். தப்புதான். புத்தகமாக வரும்போது அந்தப் பத்தி இருக்காது.

கேள்வி: போன இதழில் ரோபோவின் பேட்டரி இறங்கி அது பேச்சை நிறுத்தியதும் என் ஆறு வயது மகன் அழுதுவிட்டான். “மெஷினுக்கு யாராவது அழுவாங்களா?” என்று அதட்டிவிட்டேன். சரியா?

அம்மா, அதட்டியிருக்க வேண்டாம். பீட்டர் கான் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 9, 12, 15 வயதில் மொத்தம் 90 பிள்ளைகள். ஒவ்வொருவரும் ரோபோவி என்ற ரோபோவோடு கால் மணி நேரம் பேசி விளையாடினார்கள். கடைசியில், ரோபோவின் முறை வரும்போது ஓர் ஆள் வந்து ஆட்டத்தை நிறுத்தி, அது மாட்டேன் மாட்டேன் என்று சொல்லச் சொல்ல அதை ஓர் அலமாரி அறைக்குள் தள்ளிவிடுவார். பிறகு பிள்ளைகளிடம் கேட்டார்கள். அதற்கு உணர்ச்சி உண்டு, அது நண்பனாக இருக்க முடியும், ரகசியம் சொன்னாலும் நம்பலாம் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். நியாயமாக நடத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் அதை விலைக்கு வாங்கலாம், விற்கலாம் என்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை! நண்பனை விற்கலாமா என்று யாரும் குழம்பவில்லை போலிருக்கிறது. 15 வயதுக்காரர்கள் மற்ற இரண்டு வயதினரைவிடக் கொஞ்சம் விறைப்பு; உணர்ச்சி, நட்பு என்பதையெல்லாம் அவ்வளவாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ரோபோவை ஆராய்ச்சியாளர்களே மறைந்திருந்து இயக்கினார்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமல். உங்கள் மகன் விஷயத்தில் மறைந்திருந்து ஆட்டிவைத்தது நான். அழவைத்த பொறுப்பும் என்னுடையதே. ரோபோவின் முதுகில் சோலார் தகடு இருக்கிறது, கதையில் மழைக்காலம் முடியப்போகிறது என்று மட்டும் அவனிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: முடிவில் ரோபோ சிறுமியின் பக்கம் சேர்ந்து சண்டை போடுமா? (ஐந்தாம் வகுப்பு மாணவர், படமும் வரைந்து அனுப்பியிருக்கிறார்.)

படம் பிரமாதம், தம்பி. உன் ரோபோ கையில் இரண்டு துப்பாக்கி வைத்திருக்கிறது, என்னுடையதைவிட ஒன்று அதிகம். ஆனால் சேராது. சேர்ந்து சுட ஆரம்பித்தால், அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சிறுமி தன் பையைத் தேடி வரும்போது அது என்ன செய்யும்?

எனக்கு இப்போது வேறு கவலை. நம் சிறுமிக்கு அதன் மேல் அக்கறை கூடிவிட்டது. அடுத்த இதழில் ஒரு கம்பியைக் கொண்டுவந்து அந்த ஆண்டெனாவைக் கட்டிக்கொடுக்கப் போகிறாள், உதவி என்று நினைத்து. கட்டி முடித்ததும் மேலிடத்திலிருந்து கட்டளை வரும். அந்த நேரம் அவள் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் பாதி வந்திருப்பாள்.